ராமகிருஷ்ண மிஷன் பள்ளியா, சின்மயா வித்யாலயாவா?

படிப்போடு இறை நம்பிக்கையும் நல்ல பழக்கமும் சேர்ந்து கிடைக்கிற பள்ளி எது என்று பெற்றோர் விசாரிக்கும்போது இந்த இரண்டு பெயர்களும் கட்டாயம் வரும். இரண்டுக்கும் வேர் வேதாந்தம்தான். ஆனால் பிள்ளையின் அன்றாடம் இரண்டிலும் வேறு வேறு.

மிஷனின் பாதை ஏழைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறது. ராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால் 1905-ல் மயிலாப்பூரில் உருவான மாணவர் இல்லத்தில் தங்குவது, சாப்பாடு, படிப்பு எல்லாமே இலவசம். கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் 1930-ல் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934-ல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. இன்று அங்கே பள்ளியோடு பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சி, உடற்கல்வி, விவசாயப் படிப்பு வரை ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உடம்பால் செய்யும் வேலைக்கும் அங்கே மரியாதை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சின்மயா பள்ளிகள் பெரும்பாலும் வீட்டிலிருந்து போய்வரும் பள்ளிகள். கட்டணம் உண்டு, பல இடங்களில் சிபிஎஸ்இ பாடத்திட்டம். விடுதியோடு வேண்டுமென்றால் கோவை சிறுவாணி மலையடிவாரத்தில் 1996-ல் தொடங்கிய சர்வதேச உறைவிடப் பள்ளி இருக்கிறது. அங்கே ஐபி என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டமும் உண்டு. செலவு அதிகம்.

சரி, நல்லொழுக்கம் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. சின்மயாவில் அதற்குத் தெளிவான திட்டம் இருக்கிறது. ஒருங்கிணைந்த வளர்ச்சி, இந்தியப் பண்பாடு, நாட்டுப்பற்று, உலகளாவிய பார்வை என நான்கு பகுதிகள். அந்தத் திட்டம் பெற்றோரையும் ஆசிரியரையும் சேர்த்தே பேசுகிறது. பள்ளியில் கேட்டதை வீட்டில் யாரும் பின்பற்றாவிட்டால் பிள்ளை குழம்பிப் போகும் என்பதால், இதை அவர்களின் பெரிய பலமாகப் பார்க்கிறேன். சின்மயா மிஷன் நடத்தும் கீதை ஒப்புவித்தல் போட்டிகளால் பிள்ளைகளின் உச்சரிப்பு அழகாக வருகிறது. பரிசோடு நின்றுவிடாமல் பொருளையும் உட்கார்ந்து சொல்லித்தர நல்ல ஆசிரியர் வேண்டும்.

மிஷன் விடுதிகளில் பாடவேளையைவிடப் பழக்கமே அதிகம் கற்றுத்தருகிறது. மாலையில் விவேகானந்தர் இயற்றிய ‘கண்டன பவ பந்தன’ ஆரத்திப் பாடல், அப்புறம் படிப்பு, தன் துணியைத் தானே துவைப்பது, இடத்தைக் கூட்டிப் பெருக்குவது. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் ஒரே பந்தி, ஒரே சாப்பாடு. ராமகிருஷ்ண மடங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் இயேசுவையும் வழிபடுவார்கள். தன் சமயத்தில் ஊன்றி நின்றுகொண்டே பிறர் சமயத்தை மதிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஆனால் விடுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது. அம்மாவை விட்டுப் பிரியாத குழந்தையை ஆறாம் வகுப்பிலேயே கொண்டுபோய் விட்டால் ஒழுக்கத்துக்கு முன்னால் ஏக்கம்தான் வரும். மயிலாப்பூர் இல்லம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். மகளுக்கு என்றால் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி தொடங்கிய, இப்போது மிஷன் நடத்தும் சாரதா வித்யாலயா இருக்கிறது.

வேறு சமயத்துப் பெற்றோர் தயங்கத் தேவையில்லை. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ சிறுவர்களைக் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்கிறது.

பெற்றோர் இருவரும் மாலையில் பிள்ளையோடு உட்கார முடிகிற, கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுக்குச் சின்மயா பொருந்தும். என் மனம் மிஷன் பக்கம்தான். பணமில்லாத வீட்டுப் பையனுக்கும் அதே பிரார்த்தனை, அதே ஆசிரியர், அதே விளையாட்டு மைதானம் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அங்கேதான் முதலில் விசாரிக்க வேண்டும். படிவம் வாங்கும் முன் விடுதியை மாலை நேரத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு.