ட்ரெயினில் போகும் என்று சொல்லி விற்ற ஃபோல்டிங் சைக்கிள்: 23,500 ரூபாய் போச்சு

கோபம் இன்னும் அடங்கலை. வார்த்தை முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்கங்க. 23,500 ரூபாய். ஃபோல்டிங் சைக்கிள் வாங்கி ரயிலில் எடுத்துட்டுப் போகலாம்னு யோசிக்கிறவங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில் விளக்கமாவே எழுதறேன்.

கடை பேரைப் போடலை, புகார் போய்க்கிட்டிருக்கு. ஆன்லைனில் மட்டும் சைக்கிள் விற்கிற இடம். ஷோரூம் கிடையாது. வாட்ஸப் நம்பரும் பளபளன்னு ஒரு பக்கமும்தான் மொத்தக் கடையே. அந்தப் பக்கத்தில் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லீப்பர் கோச் படம், ‘லோயர் பெர்த்துக்கு அடியில் கச்சிதமாகப் போகும்’ என்று கொட்டை எழுத்தில். 16 இன்ச் சக்கரம், எடை 11.5 கிலோ, மடித்தால் தடிமன் 25 செ.மீ. நான் நினைச்சது ரொம்பச் சின்ன விஷயம். எழும்பூரில் ராத்திரி ஏறி, காலையில் நாகர்கோவிலில் இறங்கி, சைக்கிளைப் பிரிச்சு முட்டம், குளச்சல் பக்கம் கடலோரமா ஓட்டிட்டு வரணும்.

வாங்குறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டேன். எடுத்தவர் குரல் அவ்வளவு பதவிசு. “சார், ரயில்வே ரூல்லயே 100-க்கு 60-க்கு 25 சென்டிமீட்டர்னுதான் சார் இருக்கு. நம்ம சைக்கிள் அதுக்குள்ள அடங்கிடும். ஸ்லீப்பர்ல 40 கிலோ ஃப்ரீ, இது பதினொன்றரைதான். நானே கோயம்புத்தூருக்கு இப்படித்தான் சார் போய்ட்டு வர்றேன்.” நம்பினது இந்த இடத்தில்தான். ஏன்னா அவர் சொன்ன அளவு சரியான அளவு. ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகும் ட்ரங்கு, சூட்கேஸுக்கு ரயில்வே வச்சிருக்கிற அளவு அதேதான், 40 கிலோவும் சரிதான். விதியை மனப்பாடமா ஒப்பிக்கிற ஆள், விற்கிற பொருளைப் பத்தி மட்டும் புளுகுவார்னு யாருக்குத் தோணும்? யூபிஐயில் அப்பவே 23,500 அனுப்பினேன்.

விதியில் பாதியை அவர் முழுங்கினது பின்னாடிதான் தெரிஞ்சுது. சைக்கிள், ஸ்கூட்டர் மாதிரி சாமான்களுக்கு அந்த இலவச எடை பொருந்தாது. ஏசி 3 டயர், சேர் காரில் அளவும் இன்னும் சின்னது: 55-க்கு 45-க்கு 22.5 செ.மீ.

பெட்டி வந்தது. பிரிச்சதும் மடிச்சு டேப் வச்சுப் பார்த்தேன். 37 சென்டிமீட்டர். ஹேண்டில் தண்டு சக்கரத்துக்கு வெளிப்பக்கமா மடியுது, அதனால் பை ஜிப்பே மூடலை. ரெண்டு சக்கரத்தையும் ஒட்டிப் பிடிக்க வேண்டிய காந்தம் ஒண்ணுக்கொண்ணு நேரா வராம ஒரு விரல் அகலம் தள்ளி நிக்குது. தூக்கினா சக்கரம் வாயைப் பிளக்குது. அப்பவே போன் போட்டேன். வந்த பதில் வாய்ஸ் மெசேஜில் இருக்கு, அழிக்காம வச்சிருக்கேன்: “புதுசுல டைட்டா இருக்கும் சார். ட்ரெயின்ல ஒருவாட்டி வச்சுப் பாருங்க. போகலைன்னா ரிட்டர்ன் எடுத்துக்கறோம், என் பொறுப்பு.” இந்த ‘என் பொறுப்பு’ங்கறதை ஞாபகம் வச்சுக்கங்க.

ரயிலில் நடந்ததை என்னன்னு சொல்ல. பெர்த்துக்கு அடியில் படுக்கையாத் தள்ளினா பெடல் இடிக்குது, திருப்பிப் போட்டா சீட் தண்டு நடைபாதைக்கு நீட்டிக்கிட்டு நிக்குது. எதிர் சீட்டு அம்மா, “தம்பி, புள்ளைங்க ராத்திரி பாத்ரூம் போறப்ப காலைக் கிழிச்சுக்கும்பா”ன்னாங்க. நியாயமான பேச்சு. பதில் சொல்ல வாய் வரலை. கடைசியில் கதவுப் பக்கம் கொண்டுபோய் சங்கிலி போட்டுக் கட்டிட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து போய்ப் பார்த்துக்கிட்டே ராத்திரியை ஓட்டினேன். டிடிஆர் நல்ல மனுஷன். “பையில அடங்கினா பை, அடங்கலைன்னா எனக்கு இது சைக்கிள் சார். இன்னிக்கு கூட்டமில்ல, விடறேன். திரும்பும்போது புக் பண்ணிடுங்க.”

அப்படியே செஞ்சேன். நாகர்கோவில் லக்கேஜ் ஆபீஸில் சாக்கு சுத்தி, பேரும் ஊரும் எழுதி ஒட்டி, சாமான் ஏத்துற பெட்டியான பிரேக் வேனுக்குக் கொடுத்தேன். அங்கே எடை போட்டப்ப அடுத்த இடி. 15.8 கிலோ. சாக்குக் கயிறை எல்லாம் கழிச்சாலும் 11.5 எங்கே, இது எங்கே? புக் பண்றவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. மதிப்பை எழுதிக் கொடுத்து அதுக்கான சதவீதக் கட்டணம் கட்டலைன்னா, சாமான் தொலைஞ்சா ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய் வரைதான். 23,500 ரூபாய் சைக்கிளுக்கு ஆயிரத்தஞ்சூறு சொச்சம் வரும். நான் மதிப்பு எழுதிக் கட்டிட்டேன்.

முட்டம் போனேனான்னு கேக்காதீங்க. நாகர்கோவில் தாண்டுறதுக்குள்ளயே நடுக் கீல் ‘டொக் டொக்’குன்னு ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஓட்டும்போது அது திறந்துக்கிட்டா மூஞ்சி தரையில். இறங்கித் தள்ளிக்கிட்டே திரும்பிட்டேன்.

ஊருக்கு வந்து ரிட்டர்ன் கேட்டா, இனிமேதான் கூத்து. “டயர்ல மண்ணு இருக்கே சார், யூஸ் பண்ண பொருளை எடுக்க மாட்டோம்.” ட்ரெயின்ல வச்சுப் பாருங்கன்னது நீங்கதானேன்னா, “வச்சுப் பாக்கத்தான் சொன்னோம், ஓட்டச் சொல்லலையே” என்கிறார். ரயில்வே ரசீதில் எடை இருக்கேன்னு படம் அனுப்பினா, “ரயில்வே தராசை எல்லாம் நம்ப முடியாது சார்.” யோவ், ஊர் பூரா சரக்கு ஏறி இறங்குற தராசுய்யா அது! அப்புறம் அந்தப் பதவிசுக் குரல் ஆளைக் கேட்டா லீவாம். வேற நம்பரில் இருந்து கூப்பிட்டா அவரே எடுக்கறார், என் பேரைச் சொன்னதும் சிக்னல் போயிடுது. கடைசியில் பெரிய மனசு பண்ணி 1,500 ரூபாய்க்குக் கூப்பன் தர்றாங்களாம், அதுவும் அவங்க கடையிலேயே அடுத்த பொருள் வாங்க. போன 23,500-க்கு 1,500 கூப்பன்!

இதை விட மோசம், என் புகாருக்கு அப்புறம் அந்தப் பக்கத்தில் ‘25 செ.மீ.’ இருந்த இடத்தில் ‘35 செ.மீ. (தோராயமாக)’ன்னு சத்தமில்லாம மாத்தியிருக்காங்க. ரயில் படம் மட்டும் அப்படியே இருக்கு. பழைய பக்கத்தை வாங்குறதுக்கு முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து மச்சானுக்கு அனுப்பியிருந்தேன், அதனால் பிழைச்சேன். அதைக் காட்டினதும் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிஞ்சாச்சு. 2020 இ-காமர்ஸ் விதிப்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லைன்னா விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள் கிடைச்சதுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துக்குள் முடிக்கணும். இதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.

விளக்கமா எழுதறேன்னு சொன்னேன், கை நடுங்குது, இவ்வளவுதான் முடியுது. மடிச்ச சைக்கிளுக்குப் பக்கத்தில் டேப்பை வச்சு வீடியோ அனுப்பச் சொல்லுங்க, அனுப்பலைன்னா விடுங்க. தராசில் வச்ச படமும் கேளுங்க. போனில் சொல்றதை எல்லாம் எழுத்தில் வாங்குங்க. பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க.

ஸ்லீப்பர் கோச் படம் போட்டு இதே மாதிரி சைக்கிள் விற்கிற பக்கத்தில் வேற யாராவது ஏமாந்திருந்தா, பழைய ஸ்கிரீன்ஷாட் இருந்தா எனக்கு அனுப்புங்க. புகாரோடு சேர்க்கணும்.