சாரல் காலமும் எங்கள் ஃப்ரீபிஎஸ்டி பெட்டியும்

செங்கோட்டையில் எங்கள் டிடிபி கடையின் கோப்புகளெல்லாம் ஃப்ரீபிஎஸ்டி (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) ஓடும் ஒரு பழைய டெஸ்க்டாப்பில்தான் இருக்கின்றன. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை யூஎஃப்எஸ். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கிவிட்டால் கரண்ட் நிலையாக நிற்காது. அதனால் 'வாஸ் நாட் ப்ராப்பர்லி டிஸ்மவுன்டட்' (டிஸ்க் முறையாக மூடப்படவில்லை) என்ற எச்சரிக்கை எனக்குப் பல வருஷப் பழக்கம்.

பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. 2012இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து சாஃப்ட் அப்டேட்ஸோடு (டிஸ்க்கில் எழுதும் வரிசையைக் கட்டுப்படுத்தும் முறை) ஜர்னலும், அதாவது நடக்கும் மாற்றங்களின் குறிப்பேடும், உண்டு. பூட் ஆகும்போதே அதைப் படித்துச் சட்டென்று சரிசெய்துகொள்ளும். முடியாமல் போனால் 'ஹெல்ப்!' என்று கத்திவிட்டு (நிஜமாகவே அப்படித்தான் திரையில் வரும்) சிங்கிள் யூசர் மோடில் (பழுதுபார்க்க மட்டும் திறக்கும் நிலை) நின்றுவிடும். அங்கே எடுத்த எடுப்பிலேயே எஃப்எஸ்சிகே -ஒய் (டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை; -ஒய் என்றால் எல்லாத் திருத்தத்துக்கும் 'சரி') அடிக்கச் சொல்வார்கள். நான் முதலில் எதையும் மாற்றாத -என் போட்டு என்னென்ன கெட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன்.

ஒரு சீசனில் கரண்ட் போகாத நாளிலும் காலையில் இதே எச்சரிக்கை. பெட்டியில் நடப்பதெல்லாம் பதிவாகும் வார் லாக் மெசேஜஸ் கோப்பைத் திறந்தேன். ஒழுங்காக நிறுத்தினால் கடைசியில் 'சிஸ்லாக்டி: எக்ஸிட்டிங் ஆன் சிக்னல் 15' என்று, பதிவு எழுதும் நிரல் முறையாக விடைபெறும் ஒரு வரி இருக்கும். அது இருந்தும் டிஸ்க் அழுக்காக (முறையாக மூடப்படாமல்) இருந்தால், கடைசி நேரத்தில் பஃபர்களை (எழுதக் காத்திருந்த தகவல்களை) எழுதி முடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். எங்களுக்கு அந்த வரியே இல்லை. கடை சாத்தும் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"லைட்டு அணையுற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சாத்தானே தம்பி ஆஃப் ஆகும்?"

பவர் பட்டனை லேசாக ஒரு தட்டுத் தட்டினால் ஏசிபிஐ (பவர் பட்டன் சேதியை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏற்பாடு) வழியாக முறையாக நிற்கும். நாலைந்து நொடி அமுக்கினால் பிளக்கைப் பிடுங்கிய கதைதான். "ஒரு தட்டு தட்டிட்டு நீங்க பாட்டுக்குப் போங்க அண்ணாச்சி" என்றேன். எச்சரிக்கை நின்றது.

ஜர்னலில் எனக்கு ஒரு குறை உண்டு. அது காப்பது மெட்டாடேட்டாவை, அதாவது கோப்புகளின் பெயர், இடம் போன்ற விவரங்களை, மட்டும்தான். எழுதிக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகைக் கோப்பு பாதியில் போனால் போனதுதான். டிஸ்க்கே தப்பாக எழுதியிருந்தாலும் ஜர்னலுக்குத் தெரியாது. அதனால் அவ்வப்போது சிங்கிள் யூசரில் போய், 'யூஸ் ஜர்னல்?' என்று கேட்கும்போது 'நோ' சொல்லி முழுச் சோதனை ஓட்டுகிறேன். நேரம் பிடிக்கும். பெயர் தொலைத்த கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் எண்களாகக் கிடப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அப்புறம் யூபிஎஸ். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியிலேயே எங்கள் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும். இப்போது யூஎஸ்பி ஒயர் உள்ள யூபிஎஸ்ஸும் அதைக் கண்காணிக்கும் நட் மென்பொருளும் சேர்ந்து, பேட்டரி தீரும் முன்பே பெட்டியை நிறுத்திவிடுகின்றன. யூஎஃப்எஸ்ஸை விட்டு இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைக்கு மாறினால் எஃப்எஸ்சிகே வேலையே இருக்காது. இந்த ரேமை வைத்துக்கொண்டு அதற்குத் துணியவில்லை.