கூகுள் பங்கு: மூன்று வருடம் கையில் வைத்திருந்ததில் தெரிந்தது

5,000 ரூபாய் மிக்ஸிக்குப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். அதைவிட அதிகப் பணம் போட்டு வாங்கும் பங்குக்கு மட்டும் "வாங்கினேன், இப்படி இருக்கிறது" என்று யாரும் எழுதுவதில்லை, எவ்வளவு வரை ஏறும் என்ற இலக்கு விலைதான் எழுதுகிறார்கள். அதனால்தான் இது. என்னிடம் இருப்பது கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட்டின் 3 பங்குகள். மூன்றேதான், சிரிக்க வேண்டாம்.

வாங்கியது 2023 பிப்ரவரியில். முந்தைய நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்துவிட்டது, கூகுள் கதை முடிந்தது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். இவர்களும் அவசர அவசரமாக பார்ட் என்று சாட்ஜிபிடி மாதிரியே கேள்விக்குப் பதில் சொல்லும் ஏஐ ஒன்றைக் காட்டினார்கள். அதன் விளம்பரத்திலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றி அது தப்பாகப் பதில் சொல்லிவைக்க, ஒரே நாளில் சந்தை மதிப்பில் சுமார் 10,000 கோடி டாலர் போயே போச்சு. இத்தனைக்கும் சாட்ஜிபிடி நிற்கிற அஸ்திவாரமே, டிரான்ஸ்ஃபார்மர் என்ற ஏஐ வடிவமைப்பே, 2017இல் கூகுள் ஆட்கள் எழுதி வெளியிட்ட ஆய்வுதான். தான் வெட்டிய கிணற்றில் பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டு இறைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் கதை. எனக்கு என்னவோ கிணறு வெட்டத் தெரிந்தவன் மோட்டார் வாங்க மாட்டானா என்று தோன்றியது, 100 டாலருக்குக் கொஞ்சம் கீழே வாங்கிப்போட்டேன்.

வாங்கிய அனுபவம் மட்டம். எந்த ஆப் என்பது வேண்டாம். வங்கி அனுப்புகைக் கட்டணம் ஒன்று, டாலராக மாற்றும்போது சத்தமில்லாமல் கழித்துக்கொண்டது ஒன்று, எல்லாம் போய் மூன்றாவது பங்குக்கு மேல் காசு மிஞ்சவில்லை. அப்புறம் 2024இல் கூகுள் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, கொடுத்தது, பங்குக்கு 20 சென்ட். மூன்றுக்கு 60 சென்ட், அதில் அமெரிக்காவே 25% வரி பிடித்துக்கொள்ள, கைக்கு வந்தது 45 சென்ட். ரெண்டு டீக்குச் சரியாக இருந்தது.

பங்கு விலை நன்றாகவே ஏறியது. 2025 நவம்பரில் நான் வாங்கிய விலையின் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது, பட்ட அவமானமெல்லாம் மறந்துபோச்சு. ஆனால் விலை ஏறியதைப் பார்த்து "நல்ல பொருள்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் நான் வாங்கிய கம்பெனியும் இப்போது என்னிடம் இருக்கும் கம்பெனியும் ஒன்றல்ல.

நான் வாங்கியது ஒரு டோல்கேட். இணையத்தில் யார் எங்கே போனாலும் இவர்கள் வாசலைக் கடந்துதான் போகவேண்டும், வழியில் விளம்பரக் காசு விழும். 2024இல் மொத்த வருமானம் 35,000 கோடி டாலர், அதில் தேடல் விளம்பரம் மட்டும் 19,800 கோடி போல. ஆனால் இந்த டோல்கேட்டில் எல்லா வண்டிக்கும் கட்டணம் கிடையாது, அதுதான் விஷயம்.

என் அம்மாவைப் பார்த்துத்தான் இது எனக்குப் புரிந்தது. போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வடாம் காய்ஞ்சப்புறம் ஏன் உடையுது" என்று சத்தமாகக் கேட்பார். இப்போது மேலேயே ஏஐ நாலு வரியில் பதில் சொல்லிவிடுகிறது, கேட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். முன்பு ஏதாவது ஒரு சமையல் தளத்துக்குள் போவார், அந்தத் தளக்காரருக்கு ரெண்டு பைசா கிடைக்கும். நஷ்டம் அவருக்குத்தான். கூகுளுக்கு அந்தக் கேள்வியில் அன்றைக்கும் பெரிதாகக் காசில்லை, இன்றைக்கும் இல்லை. அதே போனில் நான் "ஏசி சர்வீஸ்" என்று தட்டினேன், முதல் திரை முழுக்க காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருப்பவர்கள். கார் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன், வக்கீல், ஹோட்டல் ரூம், இந்த மாதிரி தேடல்கள்தான் லாரியும் பஸ்ஸும், கட்டணம் கட்டுபவை. வடாம் கேள்வி டூவீலர், சும்மா போகலாம்.

அதனால் "எல்லாரும் சாட்ஜிபிடியில் கேட்கிறார்கள், தேடல் செத்தது" என்பவர்கள் வண்டியை எண்ணுகிறார்கள், கல்லாவை எண்ணவில்லை. எந்த ஏசி வாங்கலாம் என்பதையும் ஜனங்கள் வேறு இடத்தில் கேட்டு அங்கேயே வாங்கவும் ஆரம்பித்தால்தான் ஆபத்து. அது நடக்காது என்று நான் சொல்லமாட்டேன்.

யூடியூப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 2006இல் 165 கோடி டாலருக்கு வாங்கியது, 2024இல் விளம்பரத்தில் மட்டும் 3,600 கோடி டாலர் கொண்டுவந்தது. தங்கமான பிள்ளை.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். டோல்கேட்டுக்கு என்ன அழகு? ரோடு போட்டவன் வேறு, பராமரிப்பவன் வேறு, நமக்குக் கல்லா மட்டும். இப்போது கூகுளே ரோடு போட ஆரம்பித்துவிட்டது. டேட்டா சென்டர், சர்வர், சிப், மின்சாரம். 2024இல் இதற்கெல்லாம் மூலதனச் செலவு 5,250 கோடி டாலர். 2025க்கு ஆரம்பத்தில் 7,500 கோடி ஆகும் என்றார்கள், ஜூலையில் 8,500 என்றார்கள், அக்டோபரில் 9,100இலிருந்து 9,300 வரை என்றார்கள். வீடு கட்டிய எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும், மேஸ்திரி சொல்வது இப்படித்தான் இருக்கும். அதே அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் மட்டும் 5 வருடத்தில் 1,500 கோடி டாலர் போடப்போவதாக அறிவித்தார்கள்.

செலவு செய்தால் தப்பா என்றால், இல்லை. மற்ற கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வசதியை வாடகைக்கு விடும் கிளவுட் வியாபாரம் வருடக்கணக்காக நஷ்டத்தில் ஓடி 2023இல்தான் லாபம் பார்த்தது, 2024இல் 4,300 கோடி டாலர் வருமானம். சொந்தமாக டிபியு என்ற ஏஐ சிப்பை 2015இலிருந்தே உள்ளுக்குள் பயன்படுத்துவதால், ஏஐ சிப் விற்கும் என்விடியா சொன்ன விலைக்கே எல்லாவற்றையும் வாங்கவேண்டிய தலையெழுத்து இவர்களுக்கு இல்லை. ஏஐயில் நேரடிப் போட்டியாளரான ஆந்த்ரோபிக்கே 10 லட்சம் டிபியு வரை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கல்யாணம் யார் வீட்டில் நடந்தாலும் பந்தல், பாத்திரம் இவர்களுடையது என்கிற மாதிரி. நீண்ட கால வளர்ச்சி என்று ஒன்று இருந்தால் இதில்தான் இருக்கிறது.

ஆனால் பாத்திரம் தேயும். சர்வர் என்பது நிலம் இல்லை, வாங்கிய நாளிலிருந்து மதிப்புக் குறையும் சாமான். 2023 ஜனவரியில் கூகுள் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தது: சர்வரின் ஆயுள் 4 வருடம் என்று கணக்கெழுதி வந்ததை 6 வருடம் என்று மாற்றியது. சில நெட்வொர்க் சாதனங்களுக்குச் செய்த இதே மாதிரி மாற்றத்தையும் சேர்த்து அந்த வருடத் தேய்மானச் செலவு சுமார் 390 கோடி டாலர் குறைந்தது. சட்டப்படி சரி, அறிக்கையிலும் எழுதியிருக்கிறார்கள், ஒளித்து எதுவும் செய்யவில்லை. இருந்தாலும் ஏஐ சிப்புகள் வருடத்துக்கு ஒரு தலைமுறை மாறும் காலத்தில், 6 வருடம் உழைக்கும் என்பது என் பழைய பைக்கைப் பற்றி நான் சொல்லிக்கொள்வது மாதிரி இருக்கிறது.

கோர்ட் விவகாரம் நான் பயந்த அளவுக்கு இல்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தபோது, குரோம் பிரவுசரை விற்கச் சொல்வார்கள் என்று நகம் கடித்தேன். ஒரு வருடம் கழித்து விற்கத் தேவையில்லை என்றுவிட்டார். ஆனால் அந்த வழக்கில்தான் ஒன்று வெளியே வந்தது: ஐபோனில் முதல் தேடலாக இருப்பதற்காக 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் கொடுத்தது 2,000 கோடி டாலர். டோல்கேட்டுக்கே இவ்வளவு வாடகை என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொரு குறை, பொறுமை. ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தை மூடினார்கள், செய்திகளைத் திரட்டித் தந்த ரீடரை மூடினார்கள், ஆன்லைன் கேம் சேவையான ஸ்டேடியாவை மூடினார்கள். அதே கம்பெனி 2009இல் ஆரம்பித்த ஓட்டுநர் இல்லாத காரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, இன்று வேமோ என்ற பெயரில் சான்ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் காசு வாங்கி ஆள் ஏற்றுகிறது. எதை வளர்ப்பார்கள், எதைக் கழுத்தைத் திருகுவார்கள் என்பது சத்தியமாகப் பிடிபடவில்லை.

வாங்கப்போகிறவர்கள் ஜிஓஓஜிஎல், ஜிஓஓஜி என்று ரெண்டு வகைப் பங்கு இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலாவதுக்குக் கம்பெனி முடிவுகளில் ஓட்டு உண்டு, ரெண்டாவதுக்கு இல்லை, பெரும்பான்மை ஓட்டு எப்படியும் கூகுளை ஆரம்பித்த பேஜ், பிரின் கையில்தான். விலை குறைந்ததை எடுங்கள்.

என் மதிப்பெண் 5க்கு 3.5. பத்து வருடம் கழித்தும் கம்பெனி பெரிதாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் போட்ட டாலருக்கு முன்பு வந்த மாதிரி லாபம் வருமா என்பது வேறு கேள்வி, அதற்குக் காலாண்டு அறிக்கையில் தேய்மானம் என்ற வரி வருமானத்தைவிட வேகமாக ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலாவது பங்கு இப்போதைக்கு வாங்கமாட்டேன். இருக்கும் மூன்றை விற்கவும் இல்லை, விற்ற பணத்தை இங்கே கொண்டுவர எவ்வளவு பிடிப்பீர்கள் என்று அந்த ஆப்காரர்களுக்கு எழுதிக்கேட்டு ரெண்டு மாதம் ஆகிறது, பதிலே வரவில்லை.