ஓம் கணக்கு சரியாக இருந்தும் பற்றாத இக்னைட்டர்கள்: ராக்கெட் விடும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இணையக் கடை ஒன்றில் நான் வாங்கிய 40 இக்னைட்டர்களால் (மின்சாரம் பாய்ந்ததும் தீப்பற்றும் மருந்து பூசிய சிறு கம்பிகள்), எட்டு மாதம் உழைத்துக் கட்டிய இரண்டடுக்கு ராக்கெட்டின் மேல் பகுதியை இழந்தேன். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பழியை, உயரத்தை அளந்து உரிய நேரத்தில் இக்னைட்டருக்கு மின்சாரம் அனுப்பும் என் ஆல்டிமீட்டர்கள் மீது போட்டுவிட்டார். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர் விற்ற சரக்கு எத்தகையது என்பதையும், நான் எதைப் பார்த்து ஏமாந்தேன் என்பதையும் விவரமாகச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

விற்பனைப் பக்கத்தில் இருந்த வாசகங்கள் இவை: ஒவ்வோர் இக்னைட்டரும் 1.5 ஓம் மின்தடை, 0.5 ஆம்பியர் மின்னோட்டத்தில் உறுதியாகப் பற்றும். பாராசூட் வெளியேற்றத்துக்கும் மேலடுக்கு மோட்டாரைப் பற்றவைப்பதற்கும் ஏற்றது. ஒவ்வொரு தொகுதியிலும் பத்தை எடுத்துச் சோதித்து அனுப்புகிறோம். பொட்டலம் வந்த அன்றே நாற்பதையும் மல்டிமீட்டரில் அளந்தேன். எல்லாம் 1.4 ஓமுக்கும் 1.6 ஓமுக்கும் இடையில் இருந்தன. இவ்வளவு சீரான சரக்கை நான் பார்த்ததில்லை என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிதான் என்னை ஏமாற்றியது. மல்டிமீட்டர் அளப்பது உள்ளே இருக்கும் மெல்லிய நைக்ரோம் கம்பியை மட்டுமே. அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள மருந்துக் குமிழ் ஈரம் கோத்திருக்கிறதா, மேல்பூச்சில் விரிசல் விட்டிருக்கிறதா, மருந்து கம்பியை விட்டு விலகியிருக்கிறதா என்பதையெல்லாம் ஓம் அளவு ஒருபோதும் சொல்லாது.

முதல் பறப்பில் மேலடுக்கு பற்றவில்லை. கூட்டு எரிபொருள் மோட்டார் (ஆக்சிஜன் தரும் உப்பையும் எரிபொருளையும் ரப்பர் போன்ற பசையில் கலந்து வார்த்தது), கருமருந்து மோட்டாரைப் போலச் சிறு பொறிக்கு மசிவதில்லை. அதன் உட்குழியின் மேல்முனை வரை இக்னைட்டரைச் செலுத்தி, எரிபொருளின் பரப்பைச் சூடேற்றுமளவு நீடித்த, கனமான சுடரைக் கொடுக்க வேண்டும். எனக்கு விற்கப்பட்டதோ, ஒரு கணம் மின்னி அணைந்துவிடும் வெறும் ஈ-மேட்ச், அதாவது மின் தீக்குச்சி. அது கருமருந்தைப் பற்றவைக்கப் போதும். கூட்டு எரிபொருளுக்கு அது தனியாகப் போதவே போதாது. மேலடுக்கு பற்றத் தாமதமானால் ராக்கெட் வேகம் இழந்து சாயத் தொடங்கும், சாய்ந்த பிறகு பற்றினால் எந்தத் திசையில் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அன்று அது பற்றாமலே போனதை நல்வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பாராசூட்டுகள் அன்று ஒழுங்காக விரிந்தன. ஏனென்றால் அவற்றுக்கு என் பழைய பெட்டியில் மீதமிருந்த வேறு தயாரிப்பாளரின் இக்னைட்டர்களைப் போட்டிருந்தேன். இந்த விவரத்தை அன்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன். அடுக்குக்கு மட்டும் பொருந்தாத பொருள் என்று எண்ணி, பாராசூட் மீட்புக்குப் புதிதாக வாங்கியவற்றையே வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பறப்பில் மேலடுக்குக்கு மோட்டார் தயாரிப்பாளர் பரிந்துரைத்த இக்னைட்டரைப் பயன்படுத்தினேன். அது உடனே பற்றியது. உச்சியில் சிறு பாராசூட் வெளிவரவேண்டிய நேரத்தில் ஒன்றும் நிகழவில்லை. இரண்டு ஆல்டிமீட்டர்கள், இரண்டு தனித்தனி பேட்டரிகள், பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்து நிறைந்த இரண்டு தனித்தனி குப்பிகள். ஒன்று தவறினாலும் ஒரு விநாடி கழித்து மற்றொன்று வேலை செய்யும் என்பது ஏற்பாடு. இரண்டும் மௌனமாக இருந்தன. ராக்கெட் மூக்கு கீழாகத் திரும்பி, சீழ்க்கைபோல ஓசையெழுப்பிக்கொண்டு இறங்கியது. 200 மீட்டர் உயரத்தில் பெரிய பாராசூட்டுக்கான மருந்து வெடித்தது, ஆனால் அந்த வேகத்தில் விரிந்த துணி நிற்குமா? பாராசூட்டை ராக்கெட்டோடு பிணைக்கும் இழுகயிறு, குழாயின் விளிம்பை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்து, தானும் அறுந்தது. விழுந்த இடத்தில் ஆட்கள் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

தோண்டி எடுத்த மின்னணுப் பெட்டியில், உச்சிக்கான இக்னைட்டர் ஒன்று முழுதாகக் கிடைத்தது. அதை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். மருந்துக் குமிழின் பக்கவாட்டில் மயிரிழை போன்ற ஒரு விரிசல். அதன் வழியே உள்ளே பார்த்தால், கம்பி நடுவில் உருகி அறுந்து, முனைகள் இரண்டும் சிறு உருண்டைகளாக நின்றன. சுற்றியிருந்த மருந்து சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. அதாவது மின்சாரம் வந்திருக்கிறது, கம்பி எரிந்திருக்கிறது, ஆனால் கம்பிக்கும் மருந்துக்கும் தொடர்பு இல்லாததால் வெப்பம் மருந்தைச் சேருவதற்குள் கம்பி ஃபியூஸ் போலப் போய்விட்டது. ஆல்டிமீட்டரின் பதிவும் இதையே சொன்னது: உச்சியை எட்டிய கணத்தில் பேட்டரி மின்னழுத்தம் சரிந்து மீண்டிருந்தது.

இந்தப் படங்களையும் பதிவையும் கடைக்காரருக்கு அனுப்பினேன். "உங்கள் ஆல்டிமீட்டர் போதிய மின்னோட்டம் தரவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. போதாத மின்னோட்டத்தில் கம்பி உருகுமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. எனவே மீதமிருந்ததில் இருபதை எடுத்து, அதே ஆல்டிமீட்டர், அதே பேட்டரி கொண்டு, கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று, தரையில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பன்னிரண்டு உடனே பற்றின, மூன்று கண்ணுக்குத் தெரியுமளவு தயங்கிப் பற்றின, ஐந்து பற்றவே இல்லை. நான்கில் ஒன்று பழுதான தொகுதியில் பத்தைச் சோதித்து, பத்தும் பற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 6 சதவீதம்தான். ஆகவே அவர் சோதிக்கவே இல்லை, அல்லது எப்போதோ புதிதாக இருந்தபோது சோதித்ததைச் சொல்லியிருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள்: இருபதில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால், பத்தைச் சோதித்தும் பழுது தெரியாமல் போகும் வாய்ப்பு 60 சதவீதம். "பத்து சோதித்தோம்" என்பது நேர்மையாகச் சொல்லப்பட்டாலும் பெரிய உத்தரவாதம் அல்ல.

என் தவறும் இதில் உண்டு. ஆல்டிமீட்டரையும் பேட்டரியையும் இரட்டையாக வைத்தவன், இரண்டு இக்னைட்டர்களையும் ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்தேன். தொகுதி முழுதும் ஒரே நோயில் இருக்கும்போது, இரண்டு வைத்தாலும் உண்மையான மாற்று ஏற்பாடு ஆகாது. இப்போது முதன்மைக்கு ஒரு தயாரிப்பு, துணைக்கு வேறொரு தயாரிப்பு என்றே வைக்கிறேன்.

வாங்கும்போது விற்பவரிடம் தயாரிப்புத் தேதியையும் தொகுதி எண்ணையும் கேளுங்கள். உறுதியாகப் பற்றும் மின்னோட்டம் எவ்வளவு என்று மட்டுமல்லாமல், அது எத்தனை மில்லிவிநாடி பாய வேண்டும் என்றும் கேளுங்கள். நேரம் சொல்லாத ஆம்பியர் கணக்குக்குப் பொருளில்லை. அதைவிட முக்கியமாக, எவ்வளவு மின்னோட்டம் வரை பற்றாது என்ற அளவைக் கேளுங்கள். ராக்கெட்டை ஏவப் பயன்படும் மின்பெட்டிகள் சிலவற்றில், இணைப்பு சரியாக இருக்கிறதா என்று காட்டும் விளக்கின் வழியே பாயும் மின்னோட்டமே, மிகக் கூருணர்வுள்ள இக்னைட்டரைப் பற்றவைத்துவிடக்கூடும், அப்போது நீங்கள் ராக்கெட்டின் அருகில் நின்றுகொண்டிருப்பீர்கள். வழிதவறி வரும் மின்சாரத்தால் பற்றிவிடாமலிருக்க, கம்பி முனைகளை ஒன்றோடொன்று முறுக்கி அனுப்புவார்கள்; அப்படி முறுக்கப்படாமல் வந்தால், அந்தக் கடைக்காரருக்குப் பொருளின் தன்மையே தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு வந்த பொட்டலத்தின் அடையாளம் இது: வெள்ளை ஒட்டுத்தாளின் ஒரு மூலை சற்றே தூக்கியிருக்கும். நீராவி காட்டி உரித்தபோது அடியில் இன்னொரு தாள் இருந்தது. அதில் வாணவேடிக்கைப் பயன்பாட்டுக்கு என்று அச்சிட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. குமிழ்களின் மேல் பாதுகாப்பு உறை இல்லை. கம்பிகள் ஆரஞ்சு நிறம். அதே பொட்டலம் இன்றும் "மீட்புக்கென்றே தேர்ந்தெடுத்தவை" என்ற தலைப்பில் விற்பனையில் இருக்கிறது. என் மதிப்புரையை நீக்கிவிட்டார்கள்.