ஹேண்ட்பிரேக்கோடு 13 வருடம்

ஹேண்ட்பிரேக் என்பது ஒரு வகை வீடியோ ஃபைலை இன்னொரு வகையாக மாற்றித் தரும் மென்பொருள். அந்த மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது 2012இல். தங்கை கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் கொடுத்த நாலு டிவிடியையும் பென் டிரைவில் போட்டுப் புது டிவியில் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. இதென்ன பெரிய வேலை என்று உள்ளே இருந்த விஓபி என்ற வகை வீடியோ ஃபைல்களை அப்படியே நகலெடுத்துச் செருகினேன். திறக்க முடியாது என்று ஒரு வரி காட்டிவிட்டு டிவி பேசாமல் இருந்துவிட்டது.

தேடியதில் முதலில் கண்ணில் பட்ட இலவசக் கன்வெர்ட்டரை இறக்கினேன். பெயர் வேண்டாம். அதோடு பிரௌசருக்கு ஒரு டூல்பார், இரண்டு விளம்பர புரோகிராம் எல்லாம் சீர்வரிசை மாதிரி வந்து இறங்கின. சரி, வேலையாவது ஒழுங்காகச் செய்ததா? மாப்பிள்ளை மாலை மாற்றக் கையைத் தூக்கும்போதெல்லாம் கையின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு கோடாக வந்தது. எங்கள் அத்தை நன்றாக இளைத்துப் போயிருந்தார். அத்தைக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

இரண்டுக்கும் காரணம் பிறகுதான் புரிந்தது. நம் ஊர் டிவிடி பால் (PAL) என்ற டிவி முறையில் இருக்கும்: 720க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 படம். கேமராவில் எடுக்கும்போது ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக எடுத்திருப்பார்கள். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளி. பழைய குண்டு டிவி அவற்றை மாறி மாறிக் காட்டும், கண்ணுக்குத் தெரியாது. கன்வெர்ட்டர் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டால், அசைவு இருக்கும் இடத்திலெல்லாம் சீப்பு. இதைப் பிரித்துச் சீராக்குவதுதான் டீஇன்டர்லேஸ். அத்தை விஷயம் வேறு. டிவிடியில் புள்ளிகள் சதுரமாக இருக்காது. அகலத்திரைப் படத்தை 720 புள்ளிக்குள் நெருக்கி வைத்திருப்பார்கள், காட்டும்போது 1024 அளவுக்கு விரிக்க வேண்டும். விரிக்காவிட்டால் கல்யாண மண்டபமே ஒல்லியாகிவிடும்.

அப்புறம் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் ஹேண்ட்பிரேக்குக்கு வந்தேன். எரிக் பெட்டி என்பவர் 2003இல் தொடங்கியது. இலவசம், விளம்பரம் கிடையாது, மூல நிரல் வெளிப்படையாக இருக்கிறது. அடையாளச் சின்னம் ஒரு அன்னாசிப் பழமும் பக்கத்தில் ஒரு கோப்பையும். அதற்கும் வீடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. 1.0 என்ற பதிப்பை அவர்கள் வெளியிட்டதே 2016 டிசம்பர் 24 அன்றுதான், தொடங்கி 13 வருடம் கழித்து. அதற்குள் நான் 0.9 வைத்தே பாதி சொந்தக்காரர்கள் வீட்டு டிவிடிகளை முடித்திருந்தேன்.

டிவிடி வேலைக்கு இதை அடிக்க ஆள் இல்லை. டிவிடிக்குள் ஒரே கல்யாணம் ஒரு ஜிபி அளவுத் துண்டுகளாக வெட்டிக் கிடக்கும். ஃபோல்டரை அப்படியே காட்டினால் துண்டுகளைத் தானே சேர்த்து ஒரே படமாக எடுத்துக்கொள்ளும். டீகோம்ப் என்ற வசதி சீப்பு இருக்கும் படங்களை மட்டும் தேடிச் சரிசெய்யும், மற்றதைத் தொடாது. அத்தையும் பழைய உடம்புக்கு வந்துவிடுவார்.

தரத்தைக் கூட்டிக் குறைக்க ஆர்எஃப் என்று ஒரு எண் இருக்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஆரம்பத்தில் இது தலைகீழாக மண்டையில் ஏறி, தரம் நன்றாக இருக்கட்டும் என்று 30 வைத்து ஒரு காதுகுத்து முழுவதையும் களிமண் பொம்மை போல ஆக்கிவிட்டேன். இப்போது டிவிடிக்கு 20, முழு எச்டி வீடியோவுக்கு 22. எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் ஆறு எண் ஏற்றினால் ஃபைல் கிட்டத்தட்டப் பாதியாகும் என்பது மனதில் நிற்கும் கணக்கு. டிவிடியில் 4 ஜிபிக்கு மேல் இருந்த கல்யாணம் ஒன்றரை ஜிபிக்கு வந்தது. அம்மாவின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் கண்ணுக்கும்தான்.

2012இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் இருந்தது கோர் 2 டுவோ கம்ப்யூட்டர். ராத்திரி படுக்கும்போது ஒரு ஃபைலைப் போட்டால் காலையில்தான் முடியும். நடுவில் கரண்ட் போகும், யுபிஎஸ் பத்து நிமிடம் கத்திவிட்டு ஓயும். தொண்ணூறு சதவீதம் முடிந்த எம்பி4 ஃபைலைக் காலையில் திறந்தால் ஒரு விநாடி கூட ஓடாது. எம்பி4இல் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுவார்கள். அது எழுதப்படாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் குப்பை. எம்கேவி என்ற இன்னொரு வகை ஃபைலாக எழுதினால் எழுதிய வரைக்கும் ஓடும். அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு வருடம் எம்கேவியில் எழுதிப் பிறகு மாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் "பிறகு மாற்றுவது" இருக்கிறதே, அங்கேதான் நான் செய்துவந்த பெரிய அசட்டுத்தனம் தெரிந்தது. எம்கேவியை எம்பி4 ஆக்க மறுபடி ஹேண்ட்பிரேக்கில் போட்டு இன்னொரு ராத்திரியைச் செலவழிப்பேன். ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் தேயும். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்புதான் இருக்கும். வீடியோ ஃபைலும் அப்படித்தான். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் பாட்டிலின் பெயர். உள்ளே இருக்கும் பருப்பு எச்.264ஆ, எச்.265ஆ, எம்பெக்-2ஆ என்பது தனி விஷயம். டிவிக்குப் பாட்டில்தான் பிடிக்கவில்லை என்றால் பருப்பை வேறு பாட்டிலில் கொட்டினால் போதும், திரும்ப வேகவைக்க வேண்டியதில்லை.

ஹேண்ட்பிரேக்கால் இது முடியாது. ஒலியை அப்படியே விடும், ஆனால் வீடியோவைக் கட்டாயம் மறுபடி வேகவைக்கும். என் ஒரே பெரிய குறை இதுதான். இதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டும். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கியது, ஹேண்ட்பிரேக்கே உள்ளுக்குள் இதன் பகுதிகளை நம்பித்தான் ஓடுகிறது. பட்டன் எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். கோடெக் (அதுதான் பருப்பின் பெயர்) இருக்கும் இடத்தில் "காப்பி" என்று எழுதினால், ஒரு ராத்திரி எடுத்த வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. தரம் துளியும் போகாது. இப்போதெல்லாம் எதையும் மாற்றுவதற்கு முன் விஎல்சி பிளேயரில் திறந்து கண்ட்ரோலோடு ஜே அழுத்தி உள்ளே என்ன பருப்பு என்று பார்த்துவிடுகிறேன். படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்று யாராவது கொண்டுவந்தால் பெரும்பாலும் அது டிவிக்குப் பிடிபடாத டிடிஎஸ் வகை ஒலி. அதை மட்டும் ஏஏசி என்ற ஒலி வகைக்கு மாற்றிவிட்டு வீடியோவைத் தொடாமல் விட்டால் போதும்.

கடந்த சில வருடமாக வருவது கைப்பேசி வீடியோக்கள். ஐபோன் 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து எச்.265இல் பதிவு செய்கிறது. எங்கள் பழைய டிவிக்கு அது பிடிபடாது, ஆகவே இதை உண்மையாகவே மாற்றித்தான் ஆக வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. கைப்பேசி வெளிச்சத்தைப் பொறுத்து விநாடிக்கு எத்தனை படம் என்பதை மாற்றிக்கொண்டே இருக்கும். அக்கா மகனின் பிறந்தநாள் வீடியோவை வெட்டி ஒட்டப் போனபோது, கேக் வெட்டி முடித்த பிறகுதான் வாழ்த்துப் பாட்டு வந்தது. ஹேண்ட்பிரேக்கில் ஃபிரேம் ரேட்டை "கான்ஸ்டன்ட்" என்று வைத்து மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு எடிட் செய்தால் ஒழுங்காக வரும்.

இன்டெல்லின் குயிக் சிங்க், என்விடியாவின் என்விஎன்சி என்று மாற்றும் வேலையைச் சிப்பே வேகமாகச் செய்துதரும் வழியும் உண்டு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் மயங்கிப்போய் எல்லாவற்றையும் அதில் ஓட்டினேன். வேகம் பிரமாதம். ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாக வருகிறது. வாட்சப்பில் அனுப்பிவிட்டு மறக்கப்போகும் வீடியோவுக்கு அது சரி. வீட்டில் வைத்துக்கொள்வதற்கு இப்போதும் ராத்திரி வேலைதான்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று. அந்த முதல் கன்வெர்ட்டரில் போட்ட தங்கை கல்யாணத்தின் இரண்டாவது டிவிடியை, கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று குழந்தைகள் விளையாடக் கொடுத்துவிட்டேன். தட்டு முழுக்கக் கீறல், இனி படிக்காது. மாலை மாற்றும் காட்சி எங்களிடம் இன்றும் சீப்புப் பல்லோடுதான் இருக்கிறது. ஃபைலுக்குள் பதிந்துபோன சீப்பை எந்த மென்பொருளும் முழுதாக வாரி எடுக்கவில்லை.

இப்போது கையில் இருப்பது தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், 2001இல் எடுத்து மூன்று விசிடியில் கொடுத்தது. எம்பெக்-1, 352க்கு 288 புள்ளி, ஃபைல் பெயரின் நீட்டிப்பு டேட் (.dat). இதை நான் மாற்றவில்லை. ஏற்கெனவே சின்னப் படம், தேய்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அப்படியே ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைத்திருக்கிறேன், விஎல்சியில் ஓடுகிறது. மூன்றாவது தட்டு மட்டும் பாட்டி தாலி வாங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடுகிறது. மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய சிடி டிரைவ் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவந்து அதில் போட்டுப் பார்க்க வேண்டும்.