ஃபைபர் தொலைபேசிக்கு மாறப்போகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

சற்றுமுன்தான் வாடிக்கையாளர் சேவையிலிருந்து கடைசி பதில் வந்தது: முன்கூட்டியே கட்டிய சந்தாவைத் திருப்பித் தர விதிகளில் இடமில்லையாம். 12 மாதச் சந்தா! ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடாத இணைப்புக்கு முழுசாக 12 மாதச் சந்தா. வயிறு எரிகிறது. இன்னொரு குடும்பம் இவர்களிடம் மாட்டக்கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன். எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இணையம், தொலைபேசி இரண்டையும் ஒரே ஃபைபர் இழையில் தரும் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்குப் பல நாடுகளில் விடைகொடுத்து வருகிறார்கள். பிரிட்டன் அதற்கு 2027 ஜனவரியைக் கெடுவாக வைத்திருக்கிறது. எப்படியும் மாறத்தானே வேண்டும் என்று நாங்களும் சம்மதித்தோம்.

இணைப்புக் கொடுக்க வந்தவரின் வேலை அவ்வளவு நேர்த்தி. இழையைச் சீவி, துடைத்து, ஒட்டும் கருவியில் வைத்தார். மயிரிழை போன்ற இரண்டு முனைகள் அதன் சின்னத் திரையில் நேருக்கு நேர் வந்து ஒன்றாவதை அப்பாவை அருகில் கூப்பிட்டுக் காட்டினார். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. தன் கைபேசியிலேயே வேகத்தைச் சோதித்துக் காட்டினார். "தம்பி, எங்கள் பழைய எண் அப்படியே வந்துவிடுமா?" என்று அப்பா கேட்டார். "வந்துவிடும் ஐயா. பழைய இணைப்பை இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் 12 மாதச் சந்தாவை ஒரே தவணையில் கட்டினோம். ஆண்டுச் சந்தா கட்டினால் மோடம் இலவசம் என்று வேறு சொன்னார்கள்.

எண் வரவில்லை. வரவும் வராது. எண் உயிரோடு இருக்கும்போதே புதிய நிறுவனம் விண்ணப்பித்து அதை வாங்கவேண்டும். ரத்தான பிறகு மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரியாதா? உறவினர், மருத்துவர், வங்கி என்று எல்லாரிடமும் அப்பா கொடுத்து வைத்திருந்த எண் அது.

அடுத்தது மின்வெட்டு. செப்புக்கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். வீடு இருட்டாக இருந்தாலும் பேசலாம். ஃபைபர் வெறும் கண்ணாடி இழை, அதில் ஒளி மட்டும்தான் வரும். மோடம் அணைந்தால் தொலைபேசியும் ஊமை; அவசர உதவி எண்ணைக்கூட அழைக்க முடியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் மறைப்பது எவ்வளவு பெரிய பாதகம்!

மாலை நேரங்களில் குரலும் அறுந்து அறுந்து கேட்டது. ஒரு தொலைபேசி உரையாடலுக்கு நொடிக்கு 100 கிலோபிட்கூட வேண்டாம். அதையே ஒழுங்காகத் தர முடியாதவர்கள் வேகத்தைக் காட்டி விற்கிறார்கள். பிறகு ஒருநாள் மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரியத் தொடங்கியது. ஒளியே வந்து சேரவில்லை என்று அதற்குப் பொருள். கோளாறு வெளியே இழையில் இருக்கிறது என்று சொல்லியும், "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்பதுதான் பதில். அணைத்துப் போட்டால் அறுந்த இழை ஒட்டிக்கொள்ளுமா? ஆள் வருவார் என்பார்கள், யாரும் வரமாட்டார்கள். ஆனால் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வரும். மேலதிகாரியிடம் பேசவேண்டும் என்றால் இசையைப் போட்டுக் காத்திருக்க வைத்து இணைப்பைத் துண்டிப்பார்கள். அன்று அவ்வளவு பணிவாகப் பேசிய மனிதர், "நான் ஒப்பந்த ஊழியர் சார், எண் விஷயம் அலுவலகத்தில்தான் கேட்கவேண்டும்" என்று கைகழுவிவிட்டார். இதற்கு நடுவே, கூடுதல் பணம் கட்டி உயர்ந்த திட்டத்துக்கு மாறினால் முன்னுரிமை கிடைக்கும் என்று ஒரு பெண் கூசாமல் சொன்னார். 12 மாதச் சந்தாவை வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் பணமா?

விரிவாகச் சொல்வதாக எழுதினேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். புதிய இணைப்பில் உங்கள் பழைய எண் மணி அடிக்கும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள், யார் சொன்னாலும். மாதச் சந்தாவே கட்டுங்கள். மோடத்துக்கு பேட்டரி வசதி உண்டா என்று கேட்டு, மின்சாரத்தை அணைத்துவிட்டு அவர்கள் எதிரிலேயே ஓர் அழைப்புப் போட்டுப் பாருங்கள். வேகத்தை மாலையில் சோதியுங்கள். வாய்வார்த்தை எதையும் ஏற்காதீர்கள்; எழுதி வாங்குங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். நான் குறித்து வைத்திருக்கிறேன், அத்தனையையும் சேர்த்து நுகர்வோர் மன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 மாதச் சந்தாவையும் திரும்ப வாங்காமல் விடுவதாக இல்லை.