16 டிபி என்று காட்டும், உள்ளே இருப்பது 64 ஜிபி: எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்குவோர் கவனத்துக்கு

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு "16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி" (படம், வீடியோ சேமித்து வைக்கும் கையடக்க டிரைவ்; ஒரு டிபி என்பது சுமார் ஆயிரம் ஜிபி) என்று ஆன்லைனில் வரும் விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதில் ஏற்றிய படங்களையும் வீடியோக்களையும் போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ இப்போதைக்கு அழிக்காதீர்கள். முக்கியமானது இதுதான், மீதியை ஆற அமரப் படிக்கலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கச்சி கல்யாணம் முடிந்ததும் ஸ்டுடியோக்காரர், "ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்திருங்கண்ணே, ரா ஃபைல் மொத்தத்தையும் ஏத்தித் தந்திர்றேன்" என்றார். எடிட் செய்யாத ஒரிஜினல் படங்களையும் வீடியோக்களையும்தான் அப்படிச் சொல்கிறார்கள். இப்போதெல்லாம் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். பெரிய ஷாப்பிங் ஆப் ஒன்றில் நல்ல ரேட்டிங்கோடு இந்த டிரைவ் கிடைத்தது. வந்ததும் செருகிப் பார்த்தோம். 16 டிபிக்குப் பக்கத்தில் காட்டியது. நாலைந்து பாட்டு ஏற்றிப் பார்த்தோம், நன்றாகப் பாடியது. ஸ்டுடியோவில் கொடுத்தோம். காப்பி ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது என்று ராத்திரி ஓடவிட்டுப் போனவர், காலையில் எடுத்துக் கொடுத்தார். ஃபோல்டர்கள், ஃபைல் பெயர்கள், சைஸ் எல்லாம் சரியாக இருந்தன.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெண்ணழைப்பு ஃபோல்டர் முழுக்கத் திறந்தது. நலங்கில் பாதிக்கு மேல் படங்களின் கீழ்ப்பகுதி சாம்பல் நிறப் பட்டையாக நின்றது. முகூர்த்த ஃபோல்டரில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஸ்டுடியோவுக்கு ஓடினோம். போட்டோக்கள் அவர் கம்ப்யூட்டரில் இருந்தன. வீடியோ எடுத்த கார்டுகளையோ அடுத்தடுத்த கல்யாணங்களுக்காக எப்போதோ ஃபார்மேட் செய்துவிட்டார். எடிட் செய்த சின்ன ஹைலைட்ஸ் வீடியோ மட்டும்தான் மிச்சம். எங்கள் அப்பத்தா மணமக்களுக்கு விபூதி பூசிவிட்ட அந்த நேரம் அதில் இல்லை.

ரெக்கவரி செய்ய முடியுமா என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினார், டப்பா இரண்டாகப் பிரிந்தது. உள்ளே எஸ்எஸ்டி என்று எதுவும் இல்லை. சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று, அதில் போனில் போடும் சுண்டுவிரல் நக அளவு மெமரி கார்டு, அது கழன்று விழாமலிருக்க ஒரு பொட்டு பசை. கார்டு வெறும் 64 ஜிபி. "ரெக்கவரிங்கறது எழுதினதை மீட்கிறதுண்ணே, இதுல எழுதவே இல்லையே" என்றார்.

இந்த ஏமாற்று நடக்கும் விதம் இதுதான். டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரில் இருக்கும் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் பதிந்த மென்பொருளைத் திருத்தி, கம்ப்யூட்டர் கேட்டால் 16 டிபி என்று பதில் சொல்ல வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்புகிறது. உண்மையான இடம் நிரம்பிய பிறகும் "இடம் இல்லை" என்ற எச்சரிக்கை வராது. சில டிரைவ்கள் பழையதன் மேலேயே எழுதி அதை அழிக்கும். சில, வருவதை வாங்கிக்கொண்டதாகக் காட்டி விட்டுவிடும். ஃபைல் பெயர், சைஸ் அடங்கிய அட்டவணை பெரும்பாலும் டிரைவின் தொடக்கப் பகுதியிலேயே பதிவாவதால், பார்ப்பவருக்கு எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தெரியும்.

ரேட்டிங் எப்படி நன்றாக இருந்தது என்று திரும்பப் போய்ப் படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் எல்லோரும் கூலிக்கு எழுதியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. டிரைவ் வந்த அன்றே, "16 டிபி காட்டுகிறது, சூப்பர்" என்று பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். 64 ஜிபி தாண்டும் வரை இதில் குறையே தெரியாது. சாதாரண வீட்டில் அவ்வளவு ஏறவே மாதக்கணக்கில் ஆகும். பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கான ஏழு நாள் கெடு அதற்குள் முடிந்துவிடும். இந்த வியாபாரம் பிழைப்பதே அந்த ஏழு நாளை வைத்துத்தான். ஒரு ஸ்டார் ரிவ்யூக்களைத் தேதி பார்த்துப் படியுங்கள். உண்மை அங்கே இருக்கும்.

விலையும் காட்டிக்கொடுக்கும். பெயர் பெற்ற நிறுவனங்களின் 1 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டியே பல ஆயிரம் ரூபாய். 8 டிபி என்றால் பல பத்தாயிரம். 16 டிபி இரண்டாயிரத்துக்குக் கிடைக்க வழியே இல்லை.

கஸ்டமர் கேரில், "ரிட்டர்ன் விண்டோ க்ளோஸ் ஆயிடுச்சு சார், இதுக்கு ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ரீப்ளேஸ்மென்ட் வாங்கினாலும் அதே டப்பாதானே வரும்? அதோடு விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ போலியையோ திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. ஷாப்பிங் தளம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். எங்களுக்குப் பணம் திரும்ப வந்தது அந்த அலுவலருக்கு மெயில் போட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்த பிறகுதான்.

மெயிலில் வைத்த ஆதாரங்களில் ஆர்டர் செய்தபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான் கைகொடுத்தது. ஏனென்றால் இன்வாய்ஸில் வெறும் "போர்ட்டபிள் டிரைவ்" என்றுதான் இருந்தது, எத்தனை டிபி என்று இல்லை. விற்பனைப் பக்கமும் அதற்குள் காணாமல் போயிருந்தது. எந்த எலக்ட்ரானிக் பொருள் வாங்கினாலும் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்படியும் பணம் வரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடையில் தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் நம் அம்மாக்கள் வாங்குவதில்லை. டிரைவையும் அப்படித் தட்டிப் பார்க்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3). டிரைவ் முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். பெரிய டிரைவுக்கு இது ரொம்ப நேரம் எடுக்கும். அவசரம் என்றால் விண்டோஸில் வாலிடிரைவ் (ValiDrive) இருக்கிறது, அங்கங்கே தொட்டுப் பார்த்துச் சீக்கிரமே சொல்லிவிடும். எதுவானாலும் டிரைவ் காலியாக இருக்கும்போதே, வந்த அன்றே செய்துவிடுங்கள். பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் கொண்டுவரும் டிரைவில் காப்பி ஆனதும், கடைசி ஃபோல்டரிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். டிரைவை வேறு கம்ப்யூட்டரில் செருகி ஓட்டினால் இன்னும் நல்லது. உங்கள் கார்டை அதற்கப்புறம் ஃபார்மேட் செய்யுங்கள்.